அத்தியாயம் 6: மலை முதலில், ரயில் பிறகு

தண்டவாளம் பதித்தாயிற்று. மின்கம்பிகளை இணைத்து, ரயிலையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. இனி அந்த வெறும் பலகை ஒரு நிலமாக மாற வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். தட்டையான பலகையில் தண்டவாளத்தைச் சுற்றிவிட்டு, மூலையில் ஒரு குன்றை வைத்து, அதில் ஓட்டை போட்டுச் சுரங்கம் என்கிறார்கள். எவ்வளவு விலை கொடுத்து மரம் வாங்கி நட்டாலும் அந்தக் குன்று பொம்மையாகவே நிற்கிறது. ரயிலுக்காக வைத்த குன்று என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

நிஜத்தில் மலைதான் முதலில் இருந்தது. நீலகிரி மலை ரயில்பாதைக்கு 1854-லேயே யோசனை எழுந்தது. வேலை தொடங்கியது 1891-ல். பாதை குன்னூரை எட்டியது 1899-ல், ஊட்டியைத் தொட்டது 1908-ல். அத்தனை ஆண்டுகளிலும் மலை நகரவில்லை. பாதைதான் வளைந்தது, பாறையைக் குடைந்தது, ஓடைகளைத் தாண்டியது. உங்கள் பலகையைப் பார்க்கிறவருக்கும் அப்படியே தோன்ற வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த ஒரே நோக்கத்துக்காகத்தான்.

எந்த இடம், எந்த மாதம்

நம் எடுத்துக்காட்டு, கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் இடையில் உள்ள ஒரு மலைச்சரிவு. அளவு எச்.ஓ., அதாவது 1:87. பலகை 8 அடி நீளம், 2½ அடி அகலம். அகலம் இதற்கு மேல் போனால் பின்பக்கம் கை எட்டாது.

நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ். 1:87-ல் அது 11.5 மி.மீ. ஆகிறது. இதற்கு எச்.ஓ.எம். எனப்படும் 12 மி.மீ. தண்டவாளம் பொருந்தும். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் பாதைகளை மாதிரி செய்கிறவர்களுக்காகவே அது பெரும்பாலும் தயாராகிறது. கிடைக்காதவர்கள் வழக்கமான 16.5 மி.மீ. தண்டவாளத்தையே வைத்துக்கொள்ளலாம். நிலம் அமைக்கும் முறை மாறாது. என் ஸ்கேலில், அதாவது 1:160-ல் வேலை செய்கிறவர்கள் இங்கே தரும் அளவுகளைப் பாதியை விடச் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் 1:87-ல் பதினொன்றரை மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை உள்ள 46 கி.மீ. பாதையை அப்படியே செய்தால் 529 மீட்டர் வரும். 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறும் பாதை என்பதால் மாதிரியும் இருபத்தொன்றரை மீட்டர் உயரம் ஏற வேண்டும். எந்த வீட்டிலும் அதற்கு இடமில்லை. 8 அடிப் பலகை காட்டக்கூடியது நிஜத்தில் 212 மீட்டர் தூரம் மட்டுமே.

இந்தக் கணக்கு இன்னொரு உதவியும் செய்கிறது. முழுப் பாதையிலும் 250 பாலங்கள், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள் உண்டு. சராசரி பார்த்தால் 212 மீட்டருக்கு ஒரு பாலமும் ஒரு வளைவும் வருகின்றன. சுரங்கமோ ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றுதான். ஆகவே நம் பலகையில் ஒரு பாலம், ஒரு வளைவு. ரயில் காட்சியிலிருந்து மறைய வழி வேண்டுமென்றால் ஒரு முனையில் மட்டும் ஒரு சுரங்கம். இரண்டாவது சுரங்கம் வேண்டாம்.

அடுத்து, உயரத்துக்கு ஏற்ற செடிகொடி. கல்லாறு அடிவாரத்தில் பாக்குத் தோப்புகள். அதற்கு மேலே மூங்கிலும் அடர்ந்த கலப்புக் காடும். குன்னூரை நெருங்க நெருங்கத் தேயிலை. கேத்தி, லவ்டேல் பக்கம் கற்பூர மரம் என்று மலைக்காரர்கள் சொல்லும் யூகலிப்டஸ். 212 மீட்டருக்குள் பாக்குத் தோப்பும் தேயிலையும் யூகலிப்டஸும் சேர்ந்து வர முடியாது. பிடித்ததையெல்லாம் ஒரே பலகையில் திணித்தால் அது எந்த ஊராகவும் இருக்காது.

மாதத்தையும் முடிவுசெய்துவிடுங்கள். பிப்ரவரி என்றால் புல் காய்ந்த வைக்கோல் நிறம், ஓடையில் நீர் குறைவு, பாறையில் நீர் வழிந்த கறுப்புத் தடம் மட்டும் இருக்கும். நவம்பர் என்றால் எங்கும் பச்சை, ஓடை நிறைய நீர், வடகிழக்குப் பருவமழையில் சரிந்த சிவப்பு மண். வேலை முடியும்வரை உங்கள் எல்லா வண்ணங்களையும் இந்த ஒரு முடிவுதான் தீர்மானிக்கும்.

நிலத்தின் உடம்பு

தண்டவாளத்துக்கு மேலே மலை இருந்தால் மட்டும் போதாது. கீழேயும் நிலம் இறங்க வேண்டும். எனவே தண்டவாளத்தைத் தாங்கும் இடத்தில் மட்டும் பிளைவுட் பட்டை வைத்து, மற்ற இடத்தைத் திறந்த சட்டமாக விடுங்கள். முன்விளிம்பில் நிலம் தண்டவாளத்துக்கு ஒரு சாண் கீழே இறங்கட்டும், பின்பக்கம் இரண்டு சாண் மேலே ஏறட்டும். அதுவே மலைச்சரிவு.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பாதையின் ஏற்றம் 12-க்கு 1. பலகையின் முழு நீளத்துக்கும் அப்படி ஏற்றினால் 8 அடியில் 20 செ.மீ. உயரும். பல்சக்கரம் இல்லாத மாதிரி எஞ்சின் அதில் வழுக்கும். 30-க்கு 1 என்ற ஏற்றம் வைத்தால் 8 செ.மீ. உயர்வு கிடைக்கும், எஞ்சினும் திணறாது. மீதியைக் கண்ணுக்குக் காட்டும் வேலை சுற்றியுள்ள நிலத்துடையது. தாங்குசுவரின் கல் வரிசைகளை மட்டமாக வரைந்து, சுவரின் மேல்விளிம்பை மட்டும் தண்டவாளத்தோடு சாய்த்து வெட்டுங்கள். கட்டடத்தின் அடித்தளத்தைப் படிப்படியாக அமையுங்கள். மரங்களைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மட்டமான கோடுகளுக்குப் பக்கத்தில் சாய்ந்த கோடு வந்தால் ஏற்றம் இருமடங்காகத் தெரியும்.

மலையைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, தெர்மாகோல். பலகைகளை அடுக்கி ஒட்டி, நீண்ட கத்தியால் செதுக்கலாம். ஃபெவிக்கால் போன்ற வெள்ளைப் பசைதான் இதற்குச் சரி. பெட்ரோலியம் கலந்த பசையும் சாதாரண ஸ்ப்ரே பெயிண்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். சூடான கம்பியால் வெட்டினால் வெட்டு நேர்த்தியாக வரும். ஆனால் புகை நல்லதல்ல, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். வீடு முழுக்க மணி மணியாகப் பறக்கும் என்பதால் வேக்குவம் கிளீனரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கட்டடங்களுக்கு வெப்பத்தடுப்பாக விற்கும் அடர்ந்த ஃபோம் பலகை கிடைத்தால் அது இன்னும் மேல். மணி உதிராது, செதுக்கிய இடம் அப்படியே நிற்கும்.

இரண்டாவது வழி, அட்டை வலை. பழைய அட்டைப்பெட்டியை ஒரு அங்குலப் பட்டைகளாக நறுக்கி, கூடை பின்னுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஒட்டுங்கள். இந்த நிலையில் மலையின் உருவம் பிடிக்கவில்லை என்றால் கையால் அழுத்தி மாற்றலாம். பிறகு அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த துணி. எலும்பு முறிவுக்குக் கட்டும் பிளாஸ்டர் பேண்டேஜ் மருந்துக்கடையில் சுருளாகக் கிடைக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, நீரில் நனைத்து, ஒன்றின்மேல் ஒன்று பாதி படியும்படி இரண்டு அடுக்கு போட்டால் ஓடு இறுகிவிடும்.

மைதாப் பசையில் காகிதம் ஒட்டிச் செய்யும் பழைய முறையை நான் பரிந்துரைப்பதில்லை. நம் ஊரில் எறும்பும் கரப்பானும் அதைத் தேடி வரும். கட்டாயம் அதுதான் என்றால், புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் செய்வதுபோல் பசையில் சிறிது மயில்துத்தம் கலக்க வேண்டும். அது நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

பிளாஸ்டர் வேலையை வெயில்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டரும் பசையும் உலர நாளாகும், பூஞ்சையும் பிடிக்கும். தொடங்குமுன் தண்டவாளம் முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். மலையை மூடுமுன் உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலைக் கட்டி வளைவுகளில் ஓட்டுங்கள். பென்சில் கோட்டிலிருந்து இன்னும் 5 மி.மீ. தள்ளித்தான் பாறையோ சுவரோ வரலாம். சுரங்கத்துக்கு மேலே கழற்றி எடுக்கும் மூடி ஒன்று இருக்கட்டும். ரயில் என்றாவது ஒருநாள் உள்ளே தடம்புரளும்.

பாறை

நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். புதிதாக உடைந்த முகம் நீலம் கலந்த கருஞ்சாம்பல். வெயிலும் மழையும் பட்ட முகம் பழுப்பேறியிருக்கும். நீர் கசியும் இடத்தில் கறுப்புக் கோடுகள் இறங்கும். நிழலில் பாசி படியும். கடைகளில் விற்கும் பாறை அச்சுகள் பல அடுக்கடுக்கான படிவுப்பாறையைக் காட்டும். அவை இந்த மலைக்குப் பொருந்தாது.

அச்சை நீங்களே செய்யலாம். சமையலறை அலுமினியத் தாளைக் கையால் நன்றாகக் கசக்கி, பாதியளவு விரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். பிளாஸ்டரில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். கலவையைத் தாளில் ஊற்றி, இறுகத் தொடங்கும் நேரத்தில் தாளோடு சேர்த்து மலையோட்டில் அழுத்திப் பிடியுங்கள். இறுகியதும் தாளை உரித்தால் உடைந்த கருங்கல்லின் முகம் வந்திருக்கும். குளிர்ந்த நீர் இறுகுவதைத் தாமதப்படுத்தும், வெந்நீர் விரைவாக்கும். மீந்த கலவையைத் தொட்டியில் கொட்டாதீர்கள். குழாய்க்குள் அது கல்லாகிவிடும்.

வண்ணத்தை நீர்க்கக் கலந்து, பல தடவையாகக் கொடுங்கள். ஒரு பங்கு அக்ரிலிக் வண்ணத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல் தண்ணீர் சேர்க்கலாம். முதலில் மஞ்சள் காவியை அங்கங்கே திட்டுத் திட்டாக, மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு. அது ஈரமாக இருக்கும்போதே பழுப்பை வேறு இடங்களில். மீதி இடத்தில் சாம்பல். எல்லாம் உலர்ந்த பிறகு மிக நீர்த்த கறுப்பை மேலிருந்து வழியவிட்டால் வெடிப்புகளில் அது தங்கி நிழலாகும். கடைசியாக, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர் சாம்பலைத் தொட்டு விளிம்புகளில் மட்டும் இழுங்கள். ஈரத்தில் கறுத்துத் தெரியும் வண்ணம் உலர்ந்ததும் வெளுக்கும். எனவே ஒவ்வொரு பூச்சும் முழுதாக உலர்ந்த பிறகே அடுத்ததை முடிவுசெய்ய வேண்டும்.

மண்ணும் ஜல்லியும்

மண்ணுக்கு மண்ணைவிடச் சிறந்த பொருள் கிடையாது. ஏதாவது ஒரு மனையிலிருந்து செம்மண் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டிலோ ரயில்வே நிலத்திலோ போய்த் தோண்ட வேண்டாம். வெயிலில் காயவைத்து, பழைய வாணலியில் வறுத்தால் விதையும் பூச்சி முட்டையும் அழியும். பிறகு சலிக்க வேண்டும். சலித்த மண்ணுக்குள் காகிதம் சுற்றிய காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். இந்த வேலையை விட்டுவிட்டால் அந்தத் துகள்கள் நாளடைவில் எஞ்சினின் மோட்டாருக்குள் போய்ச் சேரும். பசை பட்டதும் மண் நிறம் கறுக்கும் என்பதால், சின்ன அட்டையில் ஒட்டி உலர்த்திப் பார்த்த பிறகே பலகையில் போடுங்கள்.

மலையை வெட்டிய இடத்தில் நிறங்கள் அடுக்காகத் தெரியும். மேலே இலைமக்கிய கரும்பழுப்பு மண், விரற்கடை அளவுகூட வேண்டாம், 2 மி.மீ. போதும். அதன்கீழ் சிவப்பு. அதற்கும் கீழே பாறை. இந்த மூன்று அடுக்கு தெரிந்தாலே, வெட்டு மனிதர் போட்டது, மலை அதற்கு முந்தியது என்று கண் புரிந்துகொள்ளும். மண்சரிவின் வடு ஒன்றையும் வைக்கலாம். மேலே குறுகலாகத் தொடங்கி, கீழே விரிந்து, அடியில் உருண்ட கல்லும் வேரோடு சாய்ந்த செடியும் கிடக்க வேண்டும். அதை அடுத்து ஒரு புதிய கல் தாங்குசுவர், நீர் வடிய அதில் வரிசையாகத் துளைகள். மழைக்காலம்தோறும் சரிவுகளைச் சந்திக்கும் இந்தப் பாதைக்கு அது மிகையான காட்சி அல்ல.

தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லியில்தான் அளவு அதிகம் தவறுகிறது. நிஜ ஜல்லி 50 முதல் 65 மி.மீ. வரை. 1:87-ல் அது 0.6 முதல் 0.75 மி.மீ. கடையில் விற்பது பெரும்பாலும் இதைவிடப் பெரிது. அதை ஒட்டினால் தண்டவாளம் பாறாங்கல்லின் மேல் கிடப்பதுபோல் இருக்கும். நம் ஊரில் இதற்கு அருமையான பொருள் இருக்கிறது: வீடு கட்டப் பயன்படும் எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்தே அதைச் செய்கிறார்கள் என்பதால் நிறமும் உடைந்த முனைகளும் ஜல்லியைப் போலவே இருக்கும். முதலில் தேநீர் வடிகட்டியில் சலித்துப் பெரிய கற்களை நீக்குங்கள். அடுத்து மாவு சல்லடையில் சலித்துத் தூளை நீக்குங்கள். நடுவில் நிற்பதுதான் வேண்டியது. இதற்கும் காந்தம் கட்டாயம். சலிக்கும்போது முகக்கவசம் போடுங்கள், கல்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஜல்லியை உலர்வாகவே கொட்டி, மென்மையான தூரிகையால் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவில் தள்ளிச் சீராக்குங்கள். கட்டைகளின் மேலும் தண்டவாளத்தின் உள்பக்கத்திலும் ஒரு மணிகூட ஒட்டியிருக்கக்கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளிப்பானால் பனிபோல் அடித்து முழுக்க நனையுங்கள். பிறகு ஒரு பங்கு ஃபெவிக்காலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் நனைக்காவிட்டால் பசை முத்தாக உருண்டு ஜல்லியை இழுத்துக்கொண்டு ஓடும். தடம் மாறும் இடங்களில் நகரும் தண்டவாள முனைகளுக்கு அருகில் பசை வேண்டவே வேண்டாம். பல்தண்டவாளம் வைத்திருந்தால், நடுவில் ஓடும் இரட்டைப் பல்பட்டைகளைப் பசை உலரும்வரை டேப்பால் மூடிவைக்க வேண்டும்.

புல், புதர், மரம்

சமவெளிப் பச்சையும் காட்டுப் பச்சையும் ஒன்றல்ல. டப்பாவில் வரும் பச்சையை அப்படியே பூசினால் கண்ணை உறுத்தும். எந்தப் பச்சையிலும் கொஞ்சம் காவியோ பழுப்போ கலந்து அடக்குங்கள். பிரகாசமான பச்சையை இளந்தளிருக்கும் மூங்கில் குருத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையான மின்னூட்டத்தால் புல்லிழைகளை நிமிர்த்தி ஒட்டும் கருவி இப்போது பரவலாகக் கிடைக்கிறது. இழை 2, 4, 6 மி.மீ. நீளங்களில் வரும். 2 மி.மீ. என்றால் நிஜத்தில் 17 செ.மீ. உயரப் புல், 6 மி.மீ. என்றால் முழங்காலுக்கு வரும் புல். இரண்டு நீளங்களையும் இரண்டு நிறங்களையும் கலந்து தூவுங்கள். கொசு மட்டையைப் பிரித்து இந்தக் கருவியைச் செய்கிறவர்கள் உண்டு. மின்வேலை தெரியாதவர்கள் அதில் இறங்க வேண்டாம், ஷாக் பலமாக அடிக்கும். ஆளுயரப் புல்லுக்குச் சணல் கயிற்றைப் பிரித்து நறுக்கிச் சின்னக் கற்றைகளாக நடலாம்.

புதருக்குப் பழைய மெத்தை ஸ்பாஞ்ச். துண்டுகளாகக் கிழித்து, தண்ணீரோடு பழைய மிக்ஸியில் அரைத்து, பிழிந்து, அக்ரிலிக் வண்ணத்தில் பிசைந்து உலர்த்துங்கள். சல்லடையில் மூன்று பருமனாகப் பிரித்து வைத்துக்கொண்டால் தரையில் படரும் செடி முதல் மரத்தின் இலை வரை எல்லாவற்றுக்கும் ஆகும். இந்தச் சரிவுகளில் எங்கும் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடிக்குக் கரும்பச்சைப் புதரில் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் புள்ளிகளை மிகச் சிக்கனமாகத் தொட்டால் போதும்.

மரத்தின் உயரத்தில் பலரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். இருபது மீட்டர் காட்டு மரம் 1:87-ல் 23 செ.மீ. வரும். பெட்டியில் விற்கும் 8 செ.மீ. மரம் நிஜத்தில் 7 மீட்டர்தான், அது முற்றத்து மரம். முன்னால் மூன்று நான்கு பெரிய மரங்களை முழு அளவில் செய்யுங்கள். பின்னால் போகப்போக உயரத்தைக் குறைத்தால் தூரம் கூடியதாகத் தெரியும்.

பழைய மின்வயரின் செம்புக் கம்பிகளைக் கற்றையாக எடுத்து, அடியில் முறுக்கி வேராகவும், நடுவில் முறுக்கி அடிமரமாகவும், மேலே இரண்டிரண்டாகப் பிரித்துக் கிளைகளாகவும் ஆக்குங்கள். பசையில் மெல்லிய மரத்தூள் கலந்து பூசினால் பட்டை. சாம்பல் கலந்த பழுப்பு நிறம் கொடுங்கள். நிஜ மரத்தின் அடி சாக்லேட் நிறத்தில் இருப்பதில்லை. இலையைக் கிளை நுனிகளில் மட்டும் ஒட்டி, வானம் தெரியும் இடைவெளிகளை விட்டுவிடுங்கள். காட்டின் உட்பகுதி மரங்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. ஸ்பாஞ்ச் உருண்டைகளை நெருக்கமாக ஒட்டினாலே மேல்விதானம் வந்துவிடும். வெளிவரிசைக்கு மட்டும் அடிமரம் தெரிந்தால் போதும்.

பாக்கு மரத்துக்கு நேரான மெல்லிய கம்பி, 15 முதல் 17 செ.மீ. வெளிர் சாம்பல் அடிமரத்தில் நெருக்கமான வளையக் கோடுகள். மட்டைக்குக் காகிதத்தை நடுநரம்போடு நறுக்கி இருபுறமும் சீப்புப்போல் வெட்டி, வளைத்து ஒட்டுங்கள். ஒரு மரத்துக்கு எட்டு மட்டைக்குள். வேர், சுள்ளி, காய்ந்த துளசிப் பூங்கொத்து போன்ற இயற்கைப் பொருள்களும் நன்றாக உதவும். ஆனால் வெங்காரக் கரைசலில் முக்கி, நன்றாக உலர்த்தி, வார்னிஷ் அடித்த பிறகே பலகைக்கு வர வேண்டும். இல்லையென்றால் பூச்சி அரித்துவிடும்.

குன்னூருக்கு மேலே உள்ள பகுதியைத் தேர்ந்தவர்களுக்குத் தேயிலை. கவ்வாத்து செய்த செடி முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் நிற்கும். மாதிரியில் 9 முதல் 11 மி.மீ. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப்பட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, மேல்பகுதி ஒரே மட்டமாக இருக்கும்படி, சரிவை ஒட்டிய வரிசைகளில் ஒட்டுங்கள். துண்டுகளுக்கு இடையில் கொழுந்து பறிப்பவர் நடக்கும் ஒடுங்கிய வழிகள் தெரிய வேண்டும். ஓரங்களைக் கத்தரியால் மழித்து, மேலே நுண்ணிய இளம்பச்சைத் தூளைத் தூவினால் கொழுந்து. நடுநடுவே நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள். அங்கே ரயிலும் வேறு என்பதை மறக்க வேண்டாம். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின் முன்னால் நின்று இழுக்கும். கல்லாறு பக்கம் நீராவி எஞ்சின் இறக்கமுள்ள பக்கத்தில், ரயிலின் பின்னால் நின்று தள்ளும்.

நீர்

ஓடை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது மலையைச் செதுக்கும்போதே முடிவாகியிருக்க வேண்டும். பாலம் ஓடையால்தான் வந்தது. மேலே ஒரு மடிப்பு, அதன் வழியே இறங்கும் பாறைத்தடம், பாலத்தின் கீழே அகன்ற கற்படுகை என்று தொடர்ச்சி தெரிய வேண்டும். சமதரையில் திடீரென்று தோன்றும் பாலத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஓடைப் படுகையில் ஆழமான இடத்துக்குக் கரும்பழுப்பும் கரும்பச்சையும், ஓரத்துக்கு மண்நிறமும் பூசுங்கள். நீலம் வேண்டாம். சாதாரணமாக மலையோடை தன் படுகையின் நிறத்தைத்தான் காட்டும். பசையால் இரண்டு பூச்சு கொடுத்து ஓட்டைகளை அடைத்து, பலகை விளிம்பில் டேப்பால் அணை கட்டி, இரண்டு பொருள் கலக்கும் எபாக்சி ரெசினை 3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றுங்கள். ஓர் அடுக்கு நன்றாக இறுகிய பிறகே அடுத்தது. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ரெசின் கண்ணாடிபோல் தட்டையாகிவிடும் என்பதால், மேலே பளபளப்பான அக்ரிலிக் பூச்சைத் தட்டித் தட்டி அலை எழுப்பி, கல்லில் மோதும் இடத்தில் மட்டும் வெள்ளையைத் தொடுங்கள்.

அருவிக்கு நிறமற்ற சிலிக்கான் போதும். பாலிதீன் தாளில் நீளவாக்கில் கோடுகளாகப் பிதுக்கி, பல்குச்சியால் கீழ்நோக்கி இழுத்து, ஒருநாள் உலரவிட்டு உரித்து எடுத்துப் பாறையில் தொங்கவிடுங்கள். இந்த வேலைகளையெல்லாம் பெரிய மரங்களை நடுவதற்கு முன்பே முடித்துவிட்டால் கை இடிக்காது.

பின்திரை, மனிதர், ஒளி

பின்திரையில் மூலை தெரியக்கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வளைத்து, மூலையே இல்லாமல் செய்யுங்கள். வானம் மேலே சற்று அடர்ந்து, தொடுவானத்தில் வெளுக்க வேண்டும். தூரத்து மலைகளுக்குப் பின்னால் போகப்போக நீலமும் வெண்மையும் கூட்டி, விவரங்களைக் குறையுங்கள். பலகையும் திரையும் சேரும் கோட்டைக் காட்டு மரங்கள் மறைக்கட்டும்.

மனிதர்களைக் குறைவாக வையுங்கள். ஓடுகிறவர், கையசைக்கிறவர் என்று பாதி அசைவில் உறைந்த பொம்மைகளைத் தவிருங்கள். சில நொடியில் கண் அதைப் பொய் என்று கண்டுகொள்ளும். நின்று பேசுகிறவர், உட்கார்ந்திருக்கிறவர், சுமையை இறக்கி வைத்திருக்கிறவர் நம்பும்படி இருப்பார்கள். ஹில்குரோவ் என்றால் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் குழாயும், அருகில் குரங்குகளும் வேண்டும். ஒரு குரங்குக்கு 6 மி.மீ. போதும். நீராவி எஞ்சின் போகும் சுரங்கத்தின் வாய் வளைவில் கரியும், ரயில் நிற்கும் இடத்து ஜல்லியில் எண்ணெய்க் கறையும் படிய வேண்டும். நீர்த்த கறுப்பே இரண்டுக்கும் போதும்.

வண்ணம் கலக்கும் மேசையிலும் பலகையின் மேலும் ஒரே வகை எல்.ஈ.டி. விளக்கு எரியட்டும். மஞ்சள் விளக்கில் சரியாகத் தெரிந்த செம்மண் வெள்ளை விளக்கில் மாறிவிடும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கைபேசியைப் பொம்மை மனிதரின் கண்மட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள். நேரில் தப்பும் குறைகளைப் படம் காட்டிக்கொடுக்கும்: காற்றில் மிதக்கும் மரம், தரையைத் தொடாத சுவர், பளபளக்கும் பசை.

வேலையின் வரிசை

1. தண்டவாளம், மின்சாரம் சோதனை. தண்டவாளத்தை டேப்பால் மூடுதல்.
2. நிலத்தின் உடம்பு, ஓடைத்தடம், சுரங்கம், தாங்குசுவர்.
3. பாறை வார்ப்பும் வண்ணமும், பின்திரை.
4. மண், ஜல்லி.
5. புல், புதர்.
6. நீர்.
7. பெரிய மரங்கள்.
8. கட்டடம், மனிதர், கரி, கறை.

இந்தக் கலையை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் புனேயின் கோத்ரூட் பகுதியில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. வெளிநாடு போகும் வாய்ப்புள்ளவர்கள் ஹாம்பர்க்கில் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாந்தையும், இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டுவரும் ஜான் ஏஹெர்னின் மேடர் வேலி மாதிரியையும் பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றையும் விட நல்ல பள்ளிக்கூடம் மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்படும் அந்த நிஜ ரயில்தான். பயணச்சீட்டு எடுத்து ஏறுங்கள். எஞ்சினைப் படம் எடுப்பதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, வெட்டிய மண்ணின் அடுக்கையும், பாறையில் நீர் இறங்கிய கோட்டையும், சுவரின் கல் வரிசையையும் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வந்ததும் 8 அடிப் பலகையில் கை வைக்க வேண்டாம். ஓர் அடிச் சதுரத் துண்டில் ஒரு சரிவு, ஒரு பாறை, கையளவு ஜல்லி, ஒரே ஒரு மரம் செய்து பாருங்கள். அந்தத் துண்டில் எதற்குக் கை வருகிறது, எதற்கு வரவில்லை என்று தெரிந்த பிறகு பெரிய பலகையைத் தொடுங்கள்.